ஜன்னல் வழியே வாங்கிய குழந்தை

போன வாரத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை. மாலை ஐந்து நாற்பத்திரண்டு. என் நோட்டில் அந்த வரி இப்படி இருக்கிறது: "சிறுமி. வயது ஐந்து இருக்கலாம். மஞ்சள் கவுன். ஜன்னல் வழியாக." அதற்குக் கீழே உள்ளதை என்னாலேயே வாசிக்க முடியவில்லை. அப்படி ஒரு கிறுக்கல்.

இந்த இதழில் என் பத்தியை விடாமல் வாசிப்பவர்களுக்கு என் நோட்டு தெரியும். புதியவர்களுக்காக ஒரு வார்த்தை. மதுரையில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துவது என் வேலை. வீடு திருமங்கலம். போக வரப் பாசஞ்சர் ரயில், சீசன் டிக்கெட். ஒவ்வொரு பயணத்தையும் நோட்டில் குறித்து வைப்பேன். கிழமை, கிளம்பிய நேரம், எத்தனையாவது பெட்டி, பக்கத்தில் யார், எதிரே யார்... எதற்கு இதெல்லாம் என்று என் மனைவி கேட்காத நாளில்லை. சிலர் தபால்தலை சேர்க்கிறார்கள். நான் பயணம் சேர்க்கிறேன். யாருக்கும் தொந்தரவில்லாத பழக்கம் என்றுதான் அன்று வரைக்கும் நினைத்திருந்தேன்.

அந்த வெள்ளிக்கு அடுத்த இரண்டு நாளும் முகூர்த்தம். மதுரை ஜங்ஷனில் கால் வைக்க இடமில்லை. ஜவுளிக்கடைப் பைகள், பூப்பொட்டலம், சீர்வரிசைக் குத்துவிளக்கு, அதைத் தூக்க முடியாமல் தூக்கி வரும் மாமன்மார்கள். வண்டி அங்கிருந்துதான் புறப்படுகிறது. நான் முக்கால் மணி நேரம் முன்பே போய் என் இடத்தைப் பிடித்துவிடுவேன். என் இடம் என்றால், எமர்ஜென்சி ஜன்னல்.

ரயில் பெட்டியில் மற்ற ஜன்னலுக்கெல்லாம் கம்பி உண்டு. இதற்குக் கிடையாது. ஆபத்து என்றால் வெளியே குதிப்பதற்காக வைத்திருக்கிறார்கள். ஆனால் எங்கள் வண்டியில் இதன் வழியாக ஒருவர் வெளியே போனதாக என் நோட்டில் ஒரு வரிகூட இல்லை. உள்ளே வந்தவர்கள்தான் ஏராளம்!

ஏன் என்று கேட்கிறீர்களா? பாசஞ்சர் வண்டியின் சீட் சட்டம் அப்படி. மூன்று பேர் உட்காரும் பலகை. நான்காவது ஆள் வந்து "கொஞ்சம் தள்ளுங்கண்ணே" என்றால் தள்ளியே ஆக வேண்டும். அவர் பாதி உடம்பைப் பலகையிலும் மீதியை அந்தரத்திலும் வைத்துக்கொண்டு ஊர் வந்து சேர்வார். கைக்குட்டை கிடந்தால் அது ஓர் ஆள். பை இருந்தால் அதுவும் ஓர் ஆள். ஆனால் கைக்குட்டையைச் சுருட்டி எறிந்துவிட்டு உட்காரும் தைரியசாலிகள் உண்டு. குழந்தையை எழுப்பிவிட்டு உட்காரும் தைரியம் எவருக்கும் கிடையாது.

அதனால் கூட்ட நாளில் முதலில் குழந்தை. ஜன்னல் வழியாக அதைக் கொடுத்துவிட்டால் அது இடம் பிடிக்கும். தாய் வாசல் பக்கம் போய், முட்டி மோதி ஏறி, வந்து உட்காருவார். எமர்ஜென்சி ஜன்னலில் இருப்பவர் கை நீட்டிக் குழந்தையை வாங்க வேண்டும். எங்கும் எழுதி வைக்காத கடமை. நானும் எத்தனையோ குழந்தைகளை வாங்கியிருக்கிறேன். காய்கறிப் பையை வாங்குவது மாதிரி. ஒரு தடவைகூட யோசித்ததில்லை.

அன்றைக்கும் யோசிக்கவில்லை.

"அண்ணே... அண்ணே! புள்ளயப் பிடிங்கண்ணே!"

வெளியே ஒரு பெண். முப்பதுக்குள் இருக்கும். ஒரு தோளில் பெரிய பை, இடுப்பில் மஞ்சள் கவுன் போட்ட பெண் குழந்தை. எனக்கு எதிர் சீட்டில் ஒரு சாண் இடைவெளி இருந்ததை எப்படித்தான் பார்த்தாரோ!

"அந்தா அந்த எடத்துல உக்கார வைங்க. நான் வாசப்பக்கமா வாரேன்!"

கை நீட்டினேன். குழந்தை வந்தது. எதிர் சீட்டில் உட்கார வைத்தேன். திரும்பிப் பார்த்தால் அந்தப் பெண் கூட்டத்துக்குள் வாசலை நோக்கி ஓடிக்கொண்டிருந்தார். பை மட்டும் ஒரு நொடி தெரிந்தது. விசில். வண்டி நகர்ந்துவிட்டது.

சின்னதாக ஒரு கலக்கம். எங்கள் சீட்டிலிருந்து வாசல் வரை ஊசி போக வழியில்லை. எழுந்து போய்ப் பார்க்க முடியாது. வழக்கம் போலக் குரல் கொடுத்தேன்.

"பாப்பாவோட அம்மா ஏறியாச்சா?"

நான் கேட்டதை அடுத்த தடுப்பில் ஒருவர் கேட்டார். அவர் கேட்டதை நடைபாதையில் நின்றவர் கேட்டார். கேள்வி வாசல் வரைக்கும் போனது. பதில் அதே வழியில் வாய் மாறி வாய் மாறித் திரும்பி வந்தது.

"ஏறியாச்சு... ஏறியாச்சு!"

அப்பாடா. நோட்டை எடுத்தேன். நேரத்தைக் குறித்தேன். மஞ்சள் கவுனைக் குறித்தேன்.

குழந்தை அழவில்லை. காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பெயர் கேட்டேன். தன்ஷிகா என்றது. பக்கத்தில் பச்சைச் சேலை கட்டிய ஓர் அம்மா, விருதுநகர் போகிறவர், மடியில் தாம்பூலப் பைக் கட்டு. அவர் கொஞ்சம் நெருக்கி உட்காரப் பார்த்தபோது பாப்பா இரண்டு கையையும் பலகையில் விரித்து ஊன்றிக்கொண்டது.

"இது எங்க அம்மா எடம்."

எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

திருப்பரங்குன்றம் வந்தது. பத்துப் பதினைந்து பேர் இறங்கியிருப்பார்கள். கூட்டம் கொஞ்சம் இளகியது. இப்போது அந்தப் பெண் உள்ளே வந்துவிடலாம். நான் நடைபாதையையே பார்த்துக்கொண்டிருந்தேன். யார் யாரோ நகர்ந்தார்கள். யாரும் பாப்பாவைத் தேடி வரவில்லை. வண்டி மறுபடி கிளம்பி வேகம் பிடித்தது.

வாசலில் நின்றிருந்தது செல்வம். டயர் கடையில் வேலை பார்க்கும் பையன், என் சீசன் கூட்டாளி. கல்லிக்குடி வரை போகிறவன். உட்கார இடம் கிடைத்தாலும் காற்றுக்காக வாசலில்தான் நிற்பான்.

"செல்வம்! பாப்பாவோட அம்மாவை உள்ள அனுப்புப்பா. அங்கதான நிக்கிறாங்க?"

செல்வமே ஆட்களை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தான்.

"எந்த அம்மாண்ணே?"

"ஏறியாச்சுன்னு சத்தம் வந்துச்சே... யாரு சொன்னது?"

"நான்தாண்ணே சொன்னேன்."

"பாத்தியா அவங்கள?"

அவன் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

"எங்கண்ணே பாக்க... கழுத்தத் திருப்ப முடியல. உள்ள இருந்து கேப்பாக, நாம ஏறியாச்சும்போம். எப்பவும் அப்படித்தானண்ணே?"

எப்பவும் அப்படித்தான். உண்மை. நானே வாசலில் நின்ற நாட்களில் சொல்லியிருக்கிறேன். யார் ஏறினார்கள், யார் ஏறவில்லை என்று எவன் எண்ணிக்கொண்டிருக்கிறான்? எப்படியும் ஏறிவிடுவார்கள். இத்தனை காலமும் ஏறியிருக்கிறார்களே! அந்தப் பதிலைத்தான் நான் நம்பியிருந்தேன். திருப்பரங்குன்றத்தில் வண்டி நின்றபோது குழந்தையோடு இறங்கியிருக்கலாம். இறங்காமல் நடைபாதையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்போது கழிப்பறைப் பக்கமிருந்து ஒரு பெரியவர் சொன்னார்.

"கிளம்பயில ஒரு பொம்பள கத்துன சத்தம் கேட்டுச்சுய்யா. வண்டிக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவுல யாரும் விழுந்து கிழுந்து..."

"வாய மூடுங்கய்யா!" என்றான் செல்வம்.

அவர் வாயை மூடிக்கொண்டார். எனக்குள் அந்த வாக்கியம் ஓடி முடிந்துவிட்டது.

பயம் என்றால் என்ன என்று நான் நிறைய வாசித்திருக்கிறேன். அன்றைக்குத்தான் தெரிந்தது, வாசித்தது எதுவும் உதவாது. என் கண் முன்னால் ஒரு குழந்தை காலை ஆட்டிக்கொண்டு அம்மாவுக்கு இடம் பிடித்து வைத்திருக்கிறது. அந்த அம்மா இப்போது எங்கே? பிளாட்பாரத்திலா? இல்லை, தண்டவாளத்திலா? நான் கை நீட்டாமல் இருந்திருந்தால் குழந்தை அவர் இடுப்பில் இருந்திருக்கும். குழந்தை இடுப்பில் இருந்திருந்தால் ஓடுகிற வண்டியில் தாவியிருப்பாரா? நின்றிருப்பார். அடுத்த வண்டிக்குப் போயிருப்பார். குழந்தை உள்ளே இருக்கிறது... அப்புறம் எந்தத் தாய் நிற்பாள்?

"செயினப் பிடிச்சு இழுங்கப்பா!" என்றார் ஒருவர்.

"இழுத்து? இங்கிட்டும் காடு, அங்கிட்டும் காடு. எறங்கி எங்க போவ?"

"இருந்தாலும் ஒரு புள்ள விசயமில்லையா..."

குழந்தைக்கு இப்போது ஏதோ புரிந்துவிட்டது. எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தது. உதடு கோணியது. பிறகு "அம்மா" என்று ஒரே அலறல். நான் தூக்கப் போனேன். காலால் உதைத்தது.

"உங்க அம்மா பேரு என்னம்மா? போன் நம்பர் தெரியுமா? ஊரு எது?"

"அம்மா..." என்பதுதான் எல்லாக் கேள்விக்கும் பதில்.

பச்சைச் சேலை அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அப்ப இந்தப் புள்ள யாரு புள்ளன்னே உங்களுக்குத் தெரியாது?"

"தெரியாதும்மா. ஜன்னல் வழியா குடுத்தாங்க..."

"நான் பைக் கட்டச் சரிபண்ணிட்டு நிமிந்து பாத்தா புள்ள இங்க உக்காந்திருந்துச்சு. யாரு குடுத்தா, எப்பக் குடுத்தா, நாங்க பாத்தமா?"

குரல் உயர்ந்தது. தலைகள் திரும்பின. உங்களுக்கும் வந்திருக்குமே அந்த வாட்ஸ்அப் செய்திகள்? பிள்ளை பிடிக்கிற கும்பல் இறங்கியிருக்கிறது, உஷார், பத்துப் பேருக்கு அனுப்புங்கள் என்று... அதில் வருகிற ஆள் எப்படி இருப்பான் என்று யாருக்கும் தெரியாது. அந்த நிமிடத்தில் அவனுக்கு என் முகம் கிடைத்துவிட்டது. வெள்ளைச் சட்டை, கண்ணாடி, தோள்பை.

மேல் பலகையில் உட்கார்ந்திருந்த ஒருவர் செல்போனை எடுத்து என் பக்கம் திருப்பினார். படம் ஓடுகிறது என்பது அவர் கை நின்ற விதத்திலேயே தெரிந்தது.

இதற்கு மேல் ஒன்று நடக்க முடியுமா? நடந்தது. மடியில் திறந்து கிடந்த என் நோட்டை ஒருவர் எட்டி எடுத்தார். சத்தமாக வாசித்தார்.

"சிறுமி. வயது ஐந்து இருக்கலாம். மஞ்சள் கவுன்..."

"அடையாளமெல்லாம் எழுதி வச்சிருக்கான்யா!"

பக்கத்தைப் புரட்டினார். வியாழக்கிழமை: எதிரே கல்லூரி மாணவிகள் இருவர். புதன்கிழமை: பக்கத்தில் கைக்குழந்தையுடன் தம்பதி, விருதுநகர். செவ்வாய்... நாள் தவறாமல், நேரம் தவறாமல். இத்தனை வருடமாக நான் பெருமையாகச் சேர்த்து வைத்தது. அடுத்தவர் குரலில் கேட்கும்போது எனக்கே என் மேல் சந்தேகம் வந்தது!

"எறங்க விடாதீக இவன!"

யாரோ என் காலரைப் பிடித்தார்கள். யார் என்று இன்றைக்கும் தெரியாது. கண்ணாடி நழுவி மூக்கு நுனிக்கு வந்தது. அதைச் சரி செய்யக் கை தூக்கினால் அடிக்க ஓங்கியதாக நினைப்பார்களோ என்று கையைத் தூக்கவில்லை. நான் வாயைத் திறந்து ஏதோ சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. குழந்தையின் அழுகைதான் பெட்டி முழுக்க.

செல்வம் இரண்டு அடி தள்ளி நின்றுகொண்டிருந்தான். அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் சொன்னால் என்ன ஆகும்? காலரைப் பிடித்த கை அவன் பக்கம் திரும்பும். அவனுக்கு அது தெரிந்தது. எனக்கும் தெரிந்தது. அவன் கண் என்னைவிட்டு விலகித் தரையைப் பார்த்தது. எத்தனை நொடி? குறிக்க என் கையில் நோட்டு இல்லை.

"அவர விடுங்க!"

செல்வம்தான்.

"அவரு கேட்டாரு, அந்தம்மா ஏறியாச்சான்னு. எல்லாருந்தான கேட்டீக? நான்தான் பாக்காம ஏறியாச்சுன்னு சொன்னேன். அடிக்கிறதுன்னா என்னைய அடிங்க. ஆனா மொதல்ல அந்தம்மாவுக்கு என்ன ஆச்சுன்னு பாருங்க!"

கேள்வியை வாய் மாற்றிக் கடத்தியவர்கள் அங்கேதானே நின்றார்கள்? நடைபாதையில் ஒருவர், "ஆமா, நானுங்கூடக் கேட்டேன்" என்று முணுமுணுத்தார். காலரைப் பிடித்த கை தளர்ந்தது. செல்வத்தை யாரும் அடிக்கவில்லை. எல்லோரும் அந்த "ஏறியாச்சு"வைத் திருப்பிச் சொன்னவர்கள். யார் யாரை அடிப்பது?

ஜன்னலோரம் நின்ற ஒரு கல்லூரிப் பெண் அதுவரை ஒன்றும் பேசவில்லை. நாங்கள் கத்திக்கொண்டிருந்த நேரத்தில் அவர் ரயில்வே உதவி எண்ணுக்குப் போன் போட்டு, வண்டி, பெட்டி, குழந்தையின் உடை எல்லாம் சொல்லி முடித்திருந்தார்.

"திருமங்கலத்துல எறங்கி ஸ்டேஷன் மாஸ்டர்கிட்ட ஒப்படைக்கச் சொல்றாங்க சார்."

"அந்த அம்மா?"

"விசாரிக்கிறாங்களாம்."

திருமங்கலம் வந்தது. எங்களுக்குக் கூட்டம் வழிவிட்டது. அந்த வண்டியில் யாரும் யாருக்கும் வழிவிட்டு நான் பார்த்ததே இல்லை. செல்வம் குழந்தையைத் தூக்கிக்கொண்டான். யாரோ திருப்பிக் கொடுத்த நோட்டோடு நான் பின்னால். எனக்குப் பின்னால் பச்சைச் சேலை அம்மாவும் தாம்பூலப் பைக் கட்டோடு இறங்கிவிட்டார்.

"நீங்க விருதுநகரில்ல போகணும்?" என்றான் செல்வம்.

"போறேன். இந்தப் புள்ளையப் பெத்தவ வந்ததுக்கப்புறம் போறேன். உங்க ரெண்டு பேரையும் நம்பி விட்டுட்டுப் போகச் சொல்றீகளா?"

நியாயம்தான்.

ஸ்டேஷன் மாஸ்டர் அறை. அவர் மதுரைக்குப் பேசிக்கொண்டிருந்தார். "சரி... சரி... எத்தனை மணிக்கு... சரி" என்று மட்டும் சொன்னார். அவர் முகத்தில் எதுவும் தெரியவில்லை. அந்த "சரி"களுக்கு நடுவில் நான் எத்தனை தடவை அந்தப் பெண்ணைத் தண்டவாளத்தில் பார்த்தேன் என்று சொல்ல விரும்பவில்லை. நாற்காலி இருந்தது. உட்காரத் தோன்றவில்லை.

அவர் ரிசீவரைக் கையால் மூடிக்கொண்டு எங்களைப் பார்த்தார்.

"இருக்காங்க. முட்டியில அடி. வாசல் கம்பியப் பிடிச்சுத் தொங்கியிருக்காங்க, கை நழுவிப் பிளாட்பாரத்துல விழுந்துட்டாங்க. போலீஸ்காரர் ஒருத்தர் இழுத்துப் போட்டிருக்காரு. பேசுறீங்களா?"

யாரைக் கேட்டார் என்று தெரியவில்லை. செல்வம் குழந்தையின் காதில் போனை வைத்தான். அந்தப் பக்கம் அழுகை எங்களுக்கே கேட்டது. குழந்தை அழவில்லை. கோபமாகச் சொன்னது.

"நான் எடம் பிடிச்சு வச்சேன். நீ ஏன் வரல?"

பச்சைச் சேலை அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டார்.

ஆட்டோவில் அந்தப் பெண் வந்து சேர இன்னும் முக்கால் மணி நேரமானது. முட்டியில் கட்டு. கையில் பை இல்லை. எங்கே விட்டார் என்று அவருக்கே தெரியவில்லை. வந்ததும் குழந்தையைத் தூக்கவில்லை. தரையில் உட்கார்ந்து அதன் கை, கால், முகம் எல்லாவற்றையும் தடவித் தடவிப் பார்த்தார். அப்புறம்தான் கட்டிக்கொண்டார்.

நான் மன்னிப்புக் கேட்கத் தயாராக நின்றேன். நன்றி சொல்வாரோ என்று ஒரு சின்ன ஆசையும் உள்ளே இருந்தது - மறைப்பானேன்! அவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். திட்டவில்லை. உண்மையிலேயே பதில் தெரிந்துகொள்ள விரும்புகிறவர் போலக் கேட்டார்.

"நான் பதட்டத்துல நீட்டிப்புட்டேன். புத்தி இல்ல. நீங்க படிச்சவுக மாதிரி இருக்கீக. நீங்க ஏண்ணே வாங்குனீக?"

என்ன சொல்வேன்? எல்லோரும் வாங்குவார்கள் என்றா? எப்பவும் அப்படித்தான் என்றா? அதைத்தானே செல்வமும் சொன்னான்! உதவி என்று பெயர் வைத்துவிட்டால் அதைப் பற்றி யோசிக்க வேண்டியதில்லை என்று இத்தனை காலமும் நினைத்திருக்கிறேன். நம்மை அறியாமல் எத்தனை விஷயத்துக்கு இப்படிக் கை நீட்டிக்கொண்டிருக்கிறோமோ... ஒரு சாண் பலகை. அதற்காக ஒரு தாயும் பிள்ளையும் தனித்தனி வழியில் வண்டி ஏறுவது எங்களுக்கு வழக்கமாகிவிட்டது. வழக்கமானதைப் பார்த்து யாருக்கும் பயம் வருவதில்லை. எனக்கு இப்போது வருகிறது.

திங்கள்கிழமை மறுபடி அதே வண்டி. எமர்ஜென்சி ஜன்னலில் உட்கார்ந்தேன். வேறு எங்காவது உட்கார்ந்தால் அங்கே வேறு யாராவது உட்கார்ந்து கை நீட்டுவார்களே! கிளம்பும் நேரம். கீழே ஒரு பெண், கையில் இரண்டு வயதுக் குழந்தை, தலைக்கு மேல் தூக்கி நீட்டிவிட்டார்.

"இல்லம்மா. புள்ளையோட வாசல்ல ஏறுங்க."

"இம்புட்டுக் கூட்டத்துல எப்படி ஏற? பிடிங்கண்ணே, சும்மா!"

"மாட்டேம்மா."

பக்கத்து ஆள் என்னைத் தாண்டிக் கை நீட்டினார். நான் கையைக் குறுக்கே வைத்து மறித்தேன். எல்லோரும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். கீழே இருந்து திட்டு வந்தது. "ஒரு பச்சப்புள்ளைய வாங்க மனசில்ல, மனுசனாய்யா நீ!" இன்னும் என்னென்னவோ. எழுதினால் ஆசிரியர் வெட்டிவிடுவார்.

அப்புறம் அவர் எப்படியோ ஏறி, குழந்தையை இடுக்கிக்கொண்டு, கசங்கிக் கலைந்து என் எதிரே வந்து நின்று முறைத்தார். நான் எழுந்து என் இடத்தைக் காட்டினேன்.

"உங்க சீட்ட நீங்களே வச்சுக்கங்க!"

அதற்குள் அதில் வேறொருவர் உட்கார்ந்துவிட்டார். திருமங்கலம் வரை மூன்று பேருக்கும் சீட் இல்லை. ஆனால் மூன்று பேரும் வந்து சேர்ந்தோம்.